வீட்டுப் பின்னாடி வந்தது கயோட்டியா ஓநாயா? ஊருக்கு ஊர் மாறுற சைஸும் கலரும், புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு ஜனவரி மாசம், காலைல ஆறே முக்கால் இருக்கும், குப்பைத் தொட்டிய ரோட்டோரம் தள்ளிட்டுத் திரும்புறேன், பக்கத்து வீட்டு டிரைவ்வேல ஒண்ணு நின்னு என்னையே பாத்துட்டு இருக்கு. அதுக்கு முன்னாடி நாங்க நாலு வருஷம் அரிசோனால, ஃபீனிக்ஸ் பக்கத்துல சாண்ட்லர்ல இருந்தோம். அங்க கயோட்டி, அதாவது நாய், ஓநாய் குடும்பத்துல வர்ற ஒரு காட்டு மிருகம், வாரத்துக்கு ரெண்டு தடவை கண்ணுல படும், நம்மூர் தெருநாய் சைஸ்தான், ஒல்லி, மண் கலர், காது மட்டும் முகத்துக்கு ஒட்டாத மாதிரி பெருசா இருக்கும். இது அப்படி இல்ல. கழுத்துல பிடரி மாதிரி முடி, சாம்பலும் செம்பட்டையும் கலந்து, பாக்க ரெண்டு மடங்கு. பாஸ்டனுக்கு மேற்க குடி வந்து மூணு மாசம்தான் ஆச்சு, கையெல்லாம் நடுங்குது, நேரா அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல "ஓநாய் வந்திருக்கு, பிள்ளைங்கள தனியா பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பாதீங்க"ன்னு போட்டுட்டேன்.

அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அது இன்னும் அஞ்சு குரூப்புக்குப் போயிருச்சு. டவுன்ல மிருக விவகாரம் பாக்குறவருக்கு போன் போட்டேன். அவர் ரொம்ப பொறுமையா மூணே கேள்வி கேட்டாரு: எந்த இடம், எவ்வளவு தூரத்துல நின்னுச்சு, பக்கத்துல அளவு பாக்குற மாதிரி என்ன இருந்துச்சு. நான் "ஒரு 70 பவுண்டு இருக்கும் சார்"னு சொன்னதும் சிரிச்சுட்டாரு. அது சாதாரண கயோட்டி. இந்தப் பக்கத்து கயோட்டி அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் என் பொண்ணு இதையே ஸ்கூல் சயின்ஸ் புராஜெக்ட்டா எடுத்துக்கிட்டா, ஊருக்கு ஊர் கயோட்டி எவ்வளவு மாறுதுன்னு. அதுல நாங்க ரெண்டு பேரும் தடுக்கி விழாத குழி இல்ல. நீங்க விழ வேண்டாம்னுதான் வரிசையா எழுதுறேன்.

1. மொதல்ல ஊர் பேர எழுதுங்க

கயோட்டின்னா இவ்வளவு பெருசுன்னு ஒரு நம்பர் கூகுள்ல தேடி எடுத்தீங்கன்னா அதோட கதை முடிஞ்சுது. ஏன்னா அலாஸ்கால இருந்து பனாமா வரைக்கும் ஒரே இனம்தான், ஆனா சைஸ் ஊருக்கு ஊர் மாறும். தோராயமா இப்படி வச்சுக்கங்க:

அரிசோனா, நெவாடா, தெற்கு கலிஃபோர்னியா பாலைவனப் பக்கம் பெரும்பாலும் 20லேருந்து 30 பவுண்டு, அதாவது 9லேருந்து 13 கிலோ. மெக்சிகோ, அதுக்குக் கீழ மத்திய அமெரிக்கா எல்லாம் சின்ன சைஸ்தான். டெக்சஸ்ல 25லேருந்து 40 பவுண்டு வரைக்கும் சொல்றாங்க, அது பெரிய ஸ்டேட், மேற்கு டெக்சஸ்ல பாக்குறதும் ஹூஸ்டன்ல பாக்குறதும் ஒண்ணா இருக்காது. மாசசூசெட்ஸ்ல ஆண் 34லேருந்து 47 பவுண்டு, பொண்ணு 33லேருந்து 40. நியூயார்க், மெய்ன், ஒன்டாரியோ எல்லாம் இதே கூட்டம்தான், சில ஆண்கள் 50ஐத் தாண்டும்.

நம்மாளுங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும்னா, நம்மூர் நரி 8லேருந்து 11 கிலோ, நம்மூர் ஓநாய் 17லேருந்து 25 கிலோ. அரிசோனா கயோட்டி நரிய விட கொஞ்சம் பெருசு, மாசசூசெட்ஸ் ஆண் கயோட்டி இந்திய ஓநாய் எடைக்கே வந்து நிக்கும். அதனால நான் ஓநாய்னு கத்துனது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லன்னு என் மனைவிகிட்ட இன்னும் வாதாடிட்டுதான் இருக்கேன்.

இங்க ஒரு பொறி இருக்கு. குளிர் அதிகமானா மிருகம் பெருசாகும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம், அதை வச்சு அலாஸ்கா கயோட்டிதான் உலகத்துலயே பெருசா இருக்கும்னு என் பொண்ணு மொத சார்ட்லயே எழுதிட்டா. அலாஸ்கால சராசரி 22லேருந்து 33 பவுண்டுதான்! மாசசூசெட்ஸை விட சின்னது. கிழக்குல பெருசா இருக்கறதுக்குக் காரணம் குளிர் மட்டும் இல்ல. அந்தப் பக்கத்து கயோட்டி உடம்புல ஓநாய் ரத்தமும் கொஞ்சம் நாய் ரத்தமும் கலந்திருக்கு. 2014ல வந்த ஒரு மரபணு ஆராய்ச்சில வடகிழக்கு கயோட்டிகள்ல சராசரியா 64 சதவீதம் கயோட்டி, கால்வாசிக்கு மேல ஓநாய், மீதி 10 சதவீதம் நாய்னு வந்துச்சு. சில பேரு அதெல்லாம் விட, மான் மாதிரி நல்ல தீனி கிடைக்கறதுதான் காரணம்னு சொல்றாங்க. ரெண்டும் சேந்துதான் இருக்கும்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணு, இந்த "காய்வுல்ஃப்"ங்கற பேரு டிவில ஜாஸ்தி வரும், பாதி ஓநாய் பாதி கயோட்டின்னு நெனச்சுக்காதீங்க. மேல இருக்குற கணக்கப் பாருங்க, மூணுல ரெண்டு பங்குக்குக் கிட்ட கயோட்டிதான். உங்க ரெக்கார்டுல கிழக்கு கயோட்டி, இல்ல வெறும் கயோட்டின்னு எழுதுனா போதும். பழைய புத்தகங்கள்ல 19 உட்பிரிவு போட்டு மேப்பு வரைஞ்சிருப்பாங்க, அந்தப் பேரெல்லாம் எடுத்து ஒட்டாதீங்க, போட்டோவ வச்சு அதை யாரும் உறுதி பண்ண முடியாது, எங்க புராஜெக்ட்ல அதுக்கே ரெண்டு வாரம் வீணாச்சு.

2. அடுத்து மாசம்

இதை யாரும் சொல்லித் தரல, நானே அடிபட்டுக் கத்துக்கிட்டது. ஒரே கயோட்டி ஜனவரில சிங்கம் மாதிரி இருக்கும், ஜூலைல எலும்புக் கூடு மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை முடி கொட்டும், மே மாசம் வாக்குல ஆரம்பிச்சு ஜூலைக்குள்ள முடியும். அந்த நேரத்துல திட்டுத்திட்டா, பஞ்சு பிஞ்ச தலகாணி மாதிரி இருக்கும், நோய் வந்துருச்சுன்னு பயந்துடாதீங்க. அப்புறம் குளிர் வர வர அடர்த்தியா வளந்துரும். நான் பாத்தது ஜனவரி, சாண்ட்லர்ல நான் மனசுல வச்சிருந்தது கோடைகாலத்து மெலிஞ்ச உருவம், ரெண்டையும் பக்கத்துல வச்சா ரெண்டு மடங்கு தெரியாம என்ன செய்யும்.

குட்டி கணக்கும் இருக்கு. ஏப்ரல், மே வாக்குல பொறக்கும், அப்ப கரும்பழுப்பா கம்பளி மாதிரி இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பர்ல காலு மட்டும் நீண்டு தனியா சுத்த ஆரம்பிக்கும். அத பாத்துட்டு "எங்க ஏரியால சின்ன சாதி கயோட்டி இருக்கு"ன்னு ஒரு நண்பர் அடிச்சு சொன்னாரு, அது அந்த வருஷத்துக் குட்டி. அதனால ஊரு ஊரா ஒப்பிடணும்னா டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் எடுத்த போட்டோவ மட்டும் எடுங்க, இல்ல எல்லாத்தையும் ஜூலைல எடுத்ததா எடுங்க, கலந்து கட்டாதீங்க.

3. கண்ணால எடை போடாதீங்க, அளவு எடுங்க

மனுஷன் கண்ணு கயோட்டி எடைய எப்பவும் கூட்டித்தான் சொல்லும். நான் 70 சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரரு 60 சொன்னாரு. அளவு எடுத்துப் பாத்தப்புறம் 40 பக்கத்துலதான் இருக்கும்னு தெரிஞ்சுது. எப்படி அளந்தோம்னு சொல்றேன், பைசா செலவில்லாத வேலை.

அது நின்ன இடத்த ஞாபகம் வச்சுக்கங்க. அது போனப்புறம், நல்லா தூரமா போனப்புறம், நீங்க மொதல்ல போட்டோ எடுத்த அதே இடத்துல நின்னு, அதே போன்ல, ஜூம் மாத்தாம, அது நின்ன எடத்துல ஒரு ஆளையோ டேப்பையோ நிக்க வச்சு இன்னொரு போட்டோ எடுங்க. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தா தோள் உயரம் வந்துரும். கயோட்டிக்கு தோள் உயரம் பொதுவா 53லேருந்து 61 சென்டிமீட்டர், அதாவது 21லேருந்து 24 இன்ச். முட்டிக்கு மேல ஒரு சாண் கூட வராது. குப்பைத் தொட்டி, கம்பி வேலி, படிக்கட்டு எது பக்கத்துல இருந்தாலும் நல்லது, ஆனா அதை நீங்களே டேப் வச்சு அளந்துடுங்க, நெட்ல பாத்த நம்பர நம்பாதீங்க.

பனி விழற ஊர்னா காலடி இன்னும் சுலபம். கயோட்டி காலடி நீள் உருண்டையா, நீளம் இரண்டரை இன்ச் பக்கம், கிழக்குப் பக்கம் கொஞ்சம் கூட வரலாம். ஓநாய்னா நாலரை இன்ச், கையை விரிச்சு வச்ச மாதிரி இருக்கும். பக்கத்துல ஒரு குவார்ட்டர் காசு வச்சு போட்டோ எடுங்க, அது கிட்டத்தட்ட ஒரு இன்ச் அகலம். குவார்ட்டர்னா காசு, ஊர்ல இருந்து வந்த என் மச்சான் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டான். வெயில்ல உருகுன காலடிய அளக்காதீங்க, அது உருக உருக பெருசாகிக் காட்டும். காலைல எழுந்ததும் அளந்துடணும்.

சில பேர் 75 பவுண்டு கயோட்டி ரெக்கார்டு இருக்கேன்னு வருவாங்க. இருக்கு, 1937ல வயோமிங் ஸ்டேட்ல ஆஃப்டன்ங்கற இடத்துல கிடைச்சது. அது ஒண்ணு. லாட்டரி அடிச்சவன வச்சு ஊரோட சராசரி சம்பளத்தக் கணக்குப் போடற மாதிரி ஆகிரும்.

4. கலர கடைசியா பாருங்க

புதுசா வந்தவங்க மொதல்ல பாக்கறதே கலரத்தான். அதுதான் இருக்கறதுலயே ஏமாத்துற விஷயம். ஒரே குடும்பத்துல பொறந்த குட்டிங்களே வேற வேற கலர்ல இருக்கும். இருந்தாலும் ஊரு வாரியா ஒரு போக்கு இருக்கு.

பாலைவனப் பக்கம் வெளிறின மண் கலர், செம்மஞ்சள், சில நேரம் வெள்ளை கலந்த சாம்பல். மலை உயரத்துல இருக்கறது கருப்பும் சாம்பலும் கூடி இருக்கும். வடகிழக்குல சாம்பல், செம்பட்டை, பொன்னிறம், சில சமயம் கிட்டத்தட்ட கருப்பு, எல்லாம் ஒரே டவுன்லயே கிடைக்கும். தென்கிழக்குல, ஜார்ஜியா, அலபாமா, சவுத் கரோலினா பக்கம் இருக்கறவங்களுக்கு முழுக் கருப்பு கயோட்டி கண்ணுல படலாம். அது ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்புன்னு எல்லாரும் உடனே சொல்லுவாங்க, முழுசா தப்பும் இல்ல, அந்தக் கருப்புக்கான ஜீன் எப்பவோ பல தலைமுறைக்கு முன்னாடி வளர்ப்பு நாய்ல இருந்து வந்ததுதான், ஆனா உங்க முன்னாடி நிக்கறது கயோட்டியேதான்.

வெள்ளை வேணும்னா கனடால நியூஃபவுண்ட்லேண்ட் தீவுக்குப் போகணும். அங்க இருக்குற கயோட்டில சிலது பால் வெள்ளையா இருக்கும், ஆனா உடம்புல நிறமியே இல்லாத அல்பினோ இல்ல. கோல்டன் ரிட்ரீவர் நாய்க்கு அந்த பொன்னிறத்தக் கொடுக்கற அதே ஜீன் மாற்றம் இதுலயும் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, தீவுக்கு வந்த ஆரம்பக் கூட்டத்துல ஏதோ ஒரு ரிட்ரீவர் புகுந்து விளையாடியிருக்கு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், நாய்ல பொன்னிறமா வர்றது கயோட்டில வெள்ளையா வருது. உண்மையான அல்பினோ ரொம்ப ரொம்ப அபூர்வம். 1938லேருந்து 1945 வரைக்கும் அரசாங்க ஆளுங்க கொன்ன ஏழரை லட்சம் கயோட்டில ரெண்டே ரெண்டுதான் அல்பினோ.

டெக்சஸ்ல வளைகுடாக் கடற்கரையோரம், கால்வெஸ்டன் தீவுல, கயோட்டி கொஞ்சம் செவப்பா, காலு நீளமா, முகம் அகலமா இருக்கும். அதுங்ககிட்ட சிவப்பு ஓநாயோட ஜீன் மிச்சம் இருக்குன்னு 2018ல தெரிய வந்துச்சு, சிவப்பு ஓநாயே அந்தப் பக்கம் காட்டுல அத்துப்போய் பல வருஷத்துக்கப்புறம். ஹூஸ்டன் பக்கம் இருக்கறவங்க அங்க போனா பொறுமையா பாருங்க.

சரி, கலர் மாறினாலும் பெரும்பாலும் மாறாத சில அடையாளம் இருக்கு, அதை மனப்பாடம் பண்ணிக்கங்க. வால் நுனி கருப்பு. வால் மேல்பக்கம், அடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கருந்திட்டு, அங்க ஒரு சுரப்பி இருக்கு. காதுக்குப் பின்னாடியும் காலு வெளிப்பக்கமும் செம்பட்டை. தொண்டையும் வயிறும் வெளுப்பு. மூக்கு ஒடுக்கமா, காது கூர்மையா. ஓடும்போது வால் தொங்கும். முழுக் கருப்பு கயோட்டிக்கு மட்டும் இந்தக் கலர் அடையாளமெல்லாம் செல்லாது, அங்க மூக்கையும் காதையும்தான் நம்பணும்.

போட்டோல கலர் எப்படியெல்லாம் பொய் சொல்லும்னா, சாயங்கால வெயில்ல எல்லாமே செவப்பு, தெருவிளக்கு மஞ்சளா இருந்தா எல்லாமே பொன்னிறம், போன் கேமரா வேற தானா கலர ஏத்திவிடும். ராத்திரி கேமரால வர்ற படம் கருப்பு வெள்ளைதான், அதுல எந்த கயோட்டியும் வெளுப்பாத்தான் தெரியும். எங்களுக்கு மொத ராத்திரி வந்த படத்தப் பாத்து வெள்ளை கயோட்டின்னு வீடே குதிச்சுது. ராத்திரி படத்துக்கு நோட்டுல கலர் கட்டத்துல "தெரியாது"ன்னு மட்டும் எழுதுங்க.

5. கயோட்டி இல்லாதத கழிச்சுக் கட்டுங்க

செந்நரிக்கு வால் நுனி வெள்ளை, காலுக்கு கருப்பு ஸ்டாக்கிங்ஸ் மாட்டுன மாதிரி இருக்கும், எடை 3லேருந்து 7 கிலோ, பூனைய விட கொஞ்சம் பெருசு. சாம்பல் நரிக்கு வால் மேல நீளமா கருப்புக் கோடு. இது ரெண்டும் சுலபம்.

ஓநாய்க்கு மூஞ்சி பெட்டி மாதிரி அகலம், காது சின்னதா உருண்டு இருக்கும், காலு நீளம், எடை பெரும்பாலும் 30 கிலோவுக்கு மேல. ஆனா சும்மா சொல்லிட்டுப் போற விஷயம் இல்ல இது. 2021 டிசம்பர்ல நியூயார்க் ஸ்டேட்ல கூப்பர்ஸ்டவுன் பக்கத்துல ஒருத்தர் பெரிய கயோட்டின்னு நெனச்சு சுட்டது 85 பவுண்டு இருந்துச்சு, டிஎன்ஏ பாத்தா ஓநாய். மிச்சிகன் தெற்குல கால்ஹூன் கவுண்டில 2024 ஜனவரில இதே கதை, 84 பவுண்டு. ரெண்டு இடத்துலயும் ஓநாய் இருக்காதுன்னுதான் எல்லாரும் நெனச்சிருந்தாங்க. அதனால எங்க ஊர்ல ஓநாயே இல்லன்னு கண்ணை மூடிட்டு எழுதிடாதீங்க, தோள் உயரம் கயோட்டி அளவைத் தாண்டுதுன்னு டேப் சொன்னா, உங்க கண்ணு இல்ல, டேப் சொன்னா, ஸ்டேட் வனவிலங்குத் துறைக்குத் தெரியப்படுத்துங்க.

மூணு இடத்துல இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். நார்த் கரோலினா கிழக்கு ஓரத்துல அஞ்சு கவுண்டி, அங்கதான் காட்டுல மிச்சம் இருக்கற சிவப்பு ஓநாய் இருக்கு, பலதுக்கு ஆரஞ்சு கலர் காலர் மாட்டியிருப்பாங்க. அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லை மலைப் பக்கம் மெக்சிகோ ஓநாய், 50லேருந்து 80 பவுண்டு, தூரத்துல பாத்தா கொழுத்த கயோட்டி மாதிரியே இருக்கும். ஒன்டாரியோல அல்கான்குயின் பார்க், அங்க இருக்கற ஓநாய் சைஸ்ல சின்னது, கிழக்கு கயோட்டியோட குழப்பம் வரும்னுதான் பார்க்க சுத்தி இருக்கற டவுன்ஷிப்கள்ல ரெண்டையுமே வேட்டையாடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. வேட்டை ஆளுங்களுக்கே பிரிச்சுப் பாக்க முடியலன்னா டொராண்டோல இருந்து வீக்கெண்டுக்கு கேம்பிங் போற நமக்கு என்ன தெரியும், "கயோட்டி அல்லது ஓநாய்"னு எழுதறதுல வெக்கம் இல்ல. ஸ்கார்பரோல ரூஜ் பார்க் ஓரம் இருக்கறவங்க பாக்கறது மட்டும் கிழக்கு கயோட்டிதான், நிம்மதியா இருங்க.

அப்புறம் சொறி. ஒரு வகை சிற்றுண்ணி தோலுக்குள்ள போயி முடியெல்லாம் கொட்டிரும், கருஞ்சாம்பல் தோல், சுருங்குன மூஞ்சி, எலி வால். டெக்சஸ்ல 2007ல கூவெரோ ஊர்ல இப்படி ஒண்ணு செத்துக் கிடந்தத ரத்தம் குடிக்கற சூப்பகாப்ரான்னு கிளப்பிவிட்டாங்க, டிஎன்ஏ பாத்தா கயோட்டி. இந்த மாதிரி ஒண்ணு வந்தா சைஸ் கலர் ரெண்டுமே கணக்குல சேக்காதீங்க.

6. என்னென்ன ஆதாரம் கையில இருக்கணும்

ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், டவுன், எவ்வளவு தூரம், பக்கத்துல என்ன பொருள், எத்தனை செகண்ட் பாத்தீங்க, முடி அடர்த்தியா மெலிஞ்சா, வால் எப்படி இருந்துச்சு. இதை அஞ்சு நிமிஷத்துக்குள்ள எழுதணும், ராத்திரி எழுதிக்கலாம்னு விட்டீங்கன்னா அது அரை அடி வளந்துரும்.

போட்டோ ஒரிஜினல் ஃபைலா இருக்கணும். நான் பண்ண பெரிய தப்பு, மொத போட்டோவ மனைவி போன்ல எடுத்து, எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி, அவங்க போன்ல இடம் இல்லன்னு ஒரிஜினல அழிச்சிட்டோம். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா படமும் சுருங்கிரும், எடுத்த இடம், நேரம் எல்லாம் உருவிட்டுதான் வரும். டாக்குமெண்ட்டா அனுப்புங்க, இல்ல ஒரிஜினல எங்கயாவது சேமிச்சுட்டு அப்புறம் ஃபார்வர்ட் பண்ணுங்க. ஒரு படம் பத்தாது, முடிஞ்சா பக்கவாட்டுல முழு உடம்பும் தெரியற மாதிரி ஒண்ணு, மூஞ்சி ஒண்ணு, வால் ஒண்ணு. பத்து செகண்ட் வீடியோ இதெல்லாத்தையும் விட உபயோகம், அதுல இருந்து படம் பிரிச்சுக்கலாம்.

தானா படம் எடுக்கற டிரெயில் கேமரா வேணும்னா 40லேருந்து 100 டாலருக்குள்ள நல்லதே கிடைக்கும், 300 டாலர் மாடல் உங்களுக்குத் தேவையில்ல. கூட மெமரி கார்டும் பேட்டரியும் தனியா வாங்கணும், எங்களோடதுக்கு எட்டு பேட்டரி. பனி ஊர்ல சாதாரண பேட்டரி ஒரு வாரத்துல படுத்துரும், லித்தியம் பேட்டரி காசு கூட ஆனாலும் அத வாங்குங்க. முட்டி உயரத்துல கட்டுங்க, வடக்குப் பாக்க வைங்க, இல்லன்னா காலை வெயில் விழுந்து படமெல்லாம் வெள்ளையடிச்சிரும். பக்கத்து வீட்டு ஜன்னல் தெரியாம திருப்பி வைங்க, வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட ஒரு ஈமெயில்ல கேட்டு பதில வாங்கி வச்சுக்கங்க. நான் கேக்கல, அப்புறம் வந்த பஞ்சாயத்து வேற.

எச்சத்த கையால தொடாதீங்க. நாடாப்புழு முட்டை இருக்கலாம், அது மனுஷனுக்கு நல்லதில்ல. ரோட்டுல செத்துக் கிடக்கறத எடுக்கறதுக்கும் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சட்டம் மாறும், அதனால தள்ளி நின்னு போட்டோ, அதோட விட்டுருங்க. குட்டி தனியா இருக்குன்னு வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றது பல இடத்துல சட்டப்படி குத்தம், அம்மா பக்கத்துலதான் இருக்கும்.

7. எங்க போடறது, எவ்வளவு நாள், எவ்வளவு செலவு

ஐநேச்சுரலிஸ்ட்ல போடுங்க, பாத்த உயிரினத்தோட படத்தப் போட்டா அது என்னன்னு மத்தவங்க சொல்ற தளம் அது, இலவசம், போன் ஆப்பும் இருக்கு. படம், தேதி, இடம் மூணும் இருக்கணும், குறைஞ்சது ரெண்டு பேரு ஒத்துக்கணும், கருத்து சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒரே பேர சொல்லணும், அப்பதான் அது ஆராய்ச்சிக்கு உதவற தரம்னு மாறும். எங்களோடது ரெண்டு நாள்ல மாறுச்சு, வால் மட்டும் தெரிஞ்ச இன்னொரு படம் மாசக்கணக்கா அப்படியே கெடக்கு. வீட்டு வாசல்ல எடுத்த படம்னா இடத்த மங்கலா காட்டுன்னு ஒரு செட்டிங் இருக்கு, அத போடுங்க. பிரைவேட்னு போட்டுறாதீங்க, அப்ப எந்த ஊருன்னே தெரியாது, ஊருதானே நமக்கு முக்கியம்.

ஸ்டேட் துறைக்கு எழுதறதுக்கும் காசு கிடையாது, ஆனா சாதாரண கயோட்டிக்கு எழுதாதீங்க, அவங்களுக்கு வேற வேலை இருக்கு. ஓநாய் சந்தேகம், சொறி, மனுஷங்ககிட்ட பயமில்லாம வர்றது, இதுக்கு மட்டும் எழுதுங்க. படம், அளவு, இடம் மூணையும் ஒரே மெயில்ல அனுப்புங்க. நான் மூணு மெயிலா பிரிச்சு அனுப்பி மூணு வாரம் காத்திருந்தேன்.

டிஎன்ஏ டெஸ்ட் ஆசை எல்லாருக்கும் வரும். வேலிக் கம்பில மாட்டியிருந்த முடியப் பொறுக்கி ஒரு லேபுக்கு அனுப்பி 90 டாலர் விட்டேன், வேர் இல்லாத முடில ஒண்ணும் எடுக்க முடியலன்னு ஒரு வரில பதில் வந்துச்சு, காசு திரும்ப வரல. கடைல விக்கற நாய் டிஎன்ஏ கிட்டு எல்லாம் நாய் வாய்க்குள்ள குச்சி விட்டு எடுக்கறதுக்குச் செஞ்சது, கயோட்டி வாய்க்குள்ள யாரு விடறது. இதை விட்டுருங்க.

8. பிள்ளைங்க புராஜெக்ட்டுக்கு நம்பர் வேணும்னா

ஜிபிஐஎஃப்னு ஒரு உலகளாவிய டேட்டா தளம் இருக்கு, வெர்ட்நெட்னு இன்னொண்ணு, ரெண்டும் இலவசம், மியூசியத்துல இருக்கற கயோட்டி மாதிரிகளோட விவரத்த தேடி இறக்கிக்கலாம். இறக்கற ஃபைல் தயாராக கொஞ்ச நேரம் ஆகலாம், அவசரப்படாதீங்க.

இங்கதான் எங்களுக்கு மூணு வாரம் போச்சு. அமெரிக்க மியூசியம் லேபிள்ல அளவு 1200-350-190-110 மாதிரி நாலு நம்பரா கோடு போட்டு எழுதியிருப்பாங்க. அது மொத்த நீளம், வால், பின்னங்கால் பாதம், காது, எல்லாம் மில்லிமீட்டர்ல. மொத நம்பர நாங்க உடம்பு நீளம்னு எடுத்துக்கிட்டோம். அதுல வாலும் சேந்திருக்கு! உடம்பு நீளம் வேணும்னா ரெண்டாவது நம்பர கழிக்கணும். இது தெரியாம வேற ஒரு புத்தகத்துல இருந்த உடம்பு நீளத்தோட ஒப்பிட்டு, அரிசோனா கயோட்டி மாசசூசெட்ஸ விட பெருசுன்னு என் பொண்ணு ஒரு கிராஃபே போட்டா. நான் சாண்ட்லர்ல நாலு வருஷம் பாத்தவன், இது நடக்காதுன்னு சொன்னேன், அப்பா சும்மா இருங்க டேட்டா சொல்லுதுன்னா. டீச்சர்தான் கண்டுபிடிச்சாங்க.

எடை சில லேபிள்ல பவுண்டு, சில இடத்துல கிலோ, சில இடத்துல கிராம், நிறைய இடத்துல எடையே இருக்காது. ஆணா பொண்ணான்னு காலியா விட்டிருந்தா அந்த வரிய தூக்கிருங்க, ஏன்னா பொண்ணு பொதுவா சின்னது, ஒரு ஊர்ல ஆணா சேந்து இன்னொரு ஊர்ல பொண்ணா சேந்தா வித்தியாசம் தானா வந்துரும், அது ஊரு வித்தியாசம் இல்ல. குட்டின்னு போட்டிருந்தாலும் தூக்குங்க. இதெல்லாம் தூக்குனப்புறம் எங்ககிட்ட 600 வரில 140தான் மிஞ்சுச்சு. அதுவே தாராளம்.

நேரக் கணக்கு: ஸ்கூல்ல பிப்ரவரில புராஜெக்ட் கொடுக்கணும்னா அக்டோபர்ல டேட்டா இறக்குங்க, நவம்பர் முழுக்க அதைச் சுத்தம் பண்ணறதுக்குன்னே ஒதுக்குங்க, டிசம்பர்ல கேமரா கட்டுங்க, அப்பதான் குளிர்கால முடியோட படம் கிடைக்கும். நாங்க ஜனவரி கடைசில கேமரா கட்டி, ரெண்டு வாரத்துல கிடைச்சது பதினேழு அணில், பக்கத்து வீட்டுப் பூனை, தபால்காரரு, ஒரே ஒரு கயோட்டி வால். அந்த வாலோட நுனி கருப்பா இருந்ததால அதையும் போஸ்டர்ல ஒட்டிட்டோம்.